தாதுவை உருக்கித்தான் விக்கணுமா? முதல்ல எடை மேடைக்கும் மின் மீட்டருக்கும் போவோம்

[திரையில்: துறைமுகம். கன்வேயர் பெல்ட்ல கருமையான ஈரத்தூள் கப்பலுக்குள்ள கொட்டுது.]

இந்தக் கப்பல்ல 10,000 டன் செம்பு கான்சென்ட்ரேட் ஏறுது. பாறையை அரைச்சு, வேண்டாத கல்லை நீக்கின தூள் இது. இதுக்கு அரசாங்கத்துக்கு எவ்வளவு ராயல்டி, அதாவது தாது வெட்டுறதுக்காகக் கம்பெனி கட்டுற பங்கு, வரணும்ங்கிறதை ரெண்டு எண் முடிவு பண்ணுது: ஈரப்பதம் எவ்வளவு, செம்பு எவ்வளவு.

[திரையில்: ரெண்டு ஆய்வகச் சீட்டு, பக்கத்துல பக்கத்துல.]

ஈரம் 8 சதவீதம்னா உலர் எடை 9,200 டன். அதுல 28 சதவீதம் செம்புன்னா 2,576 டன். அதே சரக்குக்கு ஈரம் 10, செம்பு 27ன்னு சீட்டு வந்தா 2,430 டன்தான். 146 டன் செம்பு கணக்குலயே வராம கடல் தாண்டிடுது. டன் 9,000 டாலர்னு வெச்சுக்கிட்டா 13 லட்சம் டாலருக்கு மேல. ராயல்டி 5 சதவீதம்னா அதுல மட்டும் 65,700 டாலர் போச்சு. லாப வரியில விழற துண்டு தனி. இத்தனையும் ஒரே கப்பல்ல.

அதனால சுரங்கத் துறையை மாத்த நினைக்கிற அரசு முதல்ல செலவு பண்ண வேண்டிய இடம் இதுதான். பெல்ட் ஓடும்போதே குறிப்பிட்ட இடைவெளியில மாதிரி எடுக்கணும். குவியலுக்கு மேல இருந்து அள்ளினா காஞ்ச தூள்தான் கையில வரும், ஈரக் கணக்கு தப்பாயிடும். எடுத்த மாதிரியைக் கலந்து மூணாப் பிரிச்சு சீல் வைக்கணும்: ஒண்ணு கம்பெனிக்கு, ஒண்ணு அரசுக்கு, ஒண்ணு தகராறு வந்தா நடுவர் ஆய்வகத்துக்கு. ஈரம் பார்க்கிற மாதிரியை உடனே எடை போட்டு, 105 டிகிரியில உலர்த்தி, மறுபடி எடை போடணும்.

விலையும் அப்படித்தான். கம்பெனி தன் சகோதர நிறுவனத்துக்கே விக்குதுன்னா, பில்லுல இருக்கிற விலையை நம்ப முடியாது. லண்டன் உலோகச் சந்தையோட அந்தக் காலகட்ட விலைதான் அடிப்படைன்னு சட்டத்துலயே எழுதிடணும்.

[திரையில்: உருக்காலை. பின்னால உயர் அழுத்த மின் கோபுரங்கள்.]

ஆனா பெரும்பாலான அரசுகள் முதல்ல கையில எடுக்கிறது வேற: "தாதுவா ஏற்றுமதி பண்ணக் கூடாது, இங்கேயே உருக்கணும்." இந்தோனேசியா நிக்கல் தாதுவுக்கு 2014ல தடை போட்டுச்சு, 2017ல தளர்த்துச்சு, 2020 ஜனவரியில மறுபடி போட்டுச்சு. உருக்காலைகள் வரிசையா வந்தது உண்மை. ஆனா உலகத்துலயே அதிகமா நிக்கல் வெட்டுற நாடு அது. வாங்குறவங்களுக்கு வேற பெரிய இடம் இல்ல. உருக்காலைகளுக்குன்னே நிலக்கரி மின் நிலையங்களும் கட்டினாங்க, அந்தப் புகையும் சேர்ந்துதான் வந்துச்சு. உலகச் சந்தையில சின்னப் பங்கு வெச்சிருக்கிற நாடு இதைக் காப்பியடிச்சா, வாங்குறவங்க பக்கத்து நாட்டுக்குப் போயிடுவாங்க.

உருக்குறதுன்னா மின்சாரம். அலுமினியத்தையே பாருங்க: ஒரு டன்னுக்குச் சுமார் 14,000 யூனிட். வருஷம் 5 லட்சம் டன் எடுக்கிற ஆலைக்கு ராத்திரி பகல் நிக்காம 800 மெகாவாட் வேணும். நாலஞ்சு மணி நேரம் கரண்ட் போனாலே தொட்டிக்குள்ள இருக்கிற உலோகம் இறுக ஆரம்பிச்சிடும். இறுகின தொட்டியை மறுபடி ஓட்டுறதுக்கு மாசக்கணக்குல ஆகும். மின்வெட்டு இருக்கிற நாட்டுல உருக்காலைக்கு அடிக்கல் நாட்டுறது ஆபத்தான வேலை.

[திரையில்: தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், அதுல ஒரு மீட்டர்.]

சரி, மின்சாரம் ஏன் பத்தல? மின் நிலையம் குறைவுன்னுதான் உடனே சொல்வாங்க. பல நாடுகள்ல ஓட்டை வேற இடத்துல இருக்கு. விநியோகக் கம்பெனி 100 யூனிட் வாங்குது. கம்பியில சூடாகியும் திருட்டுலயும் 20 போகுது. மீதி 80க்கு பில் போட்டு, அதுல 90 சதவீதம்தான் வசூலாகுதுன்னா, கையில வர்றது 72 யூனிட்டுக்கான காசு. இந்த நிலைமையில புது மின் நிலையம் கட்டினா கடன்தான் வளரும். அதுலயும் "எடுத்தாலும் எடுக்காட்டியும் பணம்"னு டாலர்ல ஒப்பந்தம் போட்டிருந்தா, உள்ளூர் நாணயம் சரியுற ஒவ்வொரு தடவையும் பில் ஏறும்.

முதல் வேலை மீட்டர். துணைமின் நிலையத்துல இருந்து கிளம்புற ஒவ்வொரு ஃபீடருக்கும் (விநியோகக் கம்பிக்கும்) ஒண்ணு, ஒவ்வொரு டிரான்ஸ்ஃபார்மருக்கும் ஒண்ணு. எந்தத் தெருவுல எவ்வளவு காணாமப் போகுதுன்னு தெரிஞ்ச பிறகுதான் கட்டண உயர்வைப் பத்திப் பேசவே அரசுக்கு நியாயம் இருக்கு.

ரெண்டாவது, சுரங்கங்கள் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே தயாரிக்க விடுறது. தென்னாப்பிரிக்காவுல 2007ல இருந்து பல வருஷம் அடிக்கடி சுழற்சி மின்வெட்டு இருந்துச்சு. உரிமம் இல்லாமத் தனியார் தயாரிக்கலாம்ங்கிற வரம்பை 2021ல 100 மெகாவாட்டா உயர்த்தினாங்க, 2023ல வரம்பையே எடுத்துட்டாங்க. சுரங்கங்கள் சொந்தமா சூரிய மின் நிலையம் போட்டுக்கிட்டு இருக்கு. இதுல ஒரு கவனம் வேணும்: நல்லாப் பணம் கட்டுற வாடிக்கையாளர் வெளிய போகும்போது, கம்பி பராமரிப்புச் செலவு மத்தவங்க தலையில விழும். கம்பியைப் பயன்படுத்துறதுக்கான கட்டணத்தைத் தனியாப் பிரிச்சு வசூலிக்கணும்.

சுரங்க உரிமத்தைப் பத்திச் சுருக்கமா: ஏலம், எல்லாரும் பார்க்கிற வரைபடம், வேலை தொடங்கலைன்னா ரத்து. வெளிப்படையா கொடுக்காததுக்கு விலை என்னன்னு இந்தியாவுல பார்த்தோம். 2014 செப்டம்பர்ல உச்ச நீதிமன்றம் 200க்கும் மேல நிலக்கரிச் சுரங்க ஒதுக்கீடுகளை ரத்து பண்ணுச்சு. அந்த நிலக்கரியை நம்பிக் கட்டின மின் நிலையங்களும் சேர்ந்து திணறுச்சு.

[திரையில்: பழுப்பு நிறச் சேறு தேங்கின அணை.]

கடைசியா கழிவு. டன்னுக்கு 10 கிலோ செம்பு கிடைக்கிற பாறையில மீதி 990 கிலோ எங்கே போகும்? பெரும்பகுதி இந்தச் சேற்று அணைக்குத்தான். பிரேசில்ல புருமாடினோ அணை 2019 ஜனவரி 25 அன்னிக்கு உடைஞ்சு 270 பேர் இறந்தாங்க. அப்போ அந்த அணையில புதுக் கழிவே கொட்டல. உறுதியா இருக்குன்னு சில மாசம் முன்னாடி சான்றும் கொடுத்திருந்தாங்க. சான்று கொடுத்தவங்களுக்குப் பணம் கொடுத்தது சுரங்கக் கம்பெனி. அந்த 270 பேர்ல பெரும்பாலானவங்க அங்கே வேலைக்கு வந்தவங்க. இதுக்கப்புறமும் ஆய்வாளரைக் கம்பெனியே தேர்ந்தெடுக்க விடுற சட்டம் எந்த நாட்டுலயும் இருக்கக் கூடாது. கம்பெனி கட்டணத்தை ஒழுங்குமுறை ஆணையத்துக்குக் கட்டட்டும், ஆய்வாளரை ஆணையம் அனுப்பட்டும்.

சுரங்கத்தை மூடுற செலவுக்கான வங்கி உத்தரவாதத்தை முதல் டன் வெட்டுறதுக்கு முன்னாடியே வாங்கணும், குழி பெருசாகப் பெருசாகத் தொகையையும் ஏத்திக்கிட்டே வரணும். தாய் நிறுவனம் கொடுக்கிற உறுதிக் கடிதம் போதாது. கடைசி வருஷம் போய்க் கேட்டா தாது தீர்ந்திருக்கும், சுரங்கமும் ஏதோ ஒரு பேர் தெரியாத சின்னக் கம்பெனிக்குக் கைமாறியிருக்கும்.