பிசினுக்குத் தண்ணீர், குங்கிலியத்துக்கு எண்ணெய்

(வியாசர்பாடியில் ஒரு மாலைநேரத் தெருக்கூட்டத்தில் பேசியது)

எல்லாருக்கும் வணக்கம். மைக் கரகரக்கிறது, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

காத்தாடி ஒட்டாமல் நம் பக்கத்தில் யார் வளர்ந்திருக்கிறோம்? மாஞ்சா பேச்சே வேண்டாம், அது கழுத்தை அறுக்கிற சமாச்சாரம். குச்சியைத் தாளோடு ஒட்ட நசுக்கிய சோற்றுப் பருக்கையைப் பற்றித்தான் சொல்கிறேன். அரிசி, மைதா, மரவள்ளி எல்லாவற்றிலும் இருப்பது மாவுச்சத்து. பச்சைத் தண்ணீரில் கலக்கினால் அடியில் போய் உட்கார்ந்துவிடும். காய்ச்சினால்தான் மாவுமணிகள் தண்ணீரைக் குடித்து ஊதி வெடித்து, உள்ளே இருக்கும் நீளமான இழைகள் வெளியே வந்து, தாளின் நாருக்குள் புகுந்து, ஈரம் வற்றியதும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். போஸ்டர் ஒட்டுகிறவர்கள் மைதாப் பசையில் மயில்துத்தம் போடுவது பூச்சி அரிக்காமல் இருக்க. அது விஷம், வீட்டுப் பசையில் வேண்டாம்.

சரி, மரத்துக்கு வருவோம். கருவேலம், வேம்பு, முருங்கை, எதன் பட்டையில் காயம் பட்டாலும் பிசின் வடியும். கருவேலம் பிசின் தண்ணீரில் கரையும், முருங்கைப் பிசினோ பெரும்பாலும் ஊறி உப்பும், அவ்வளவுதான். நறுவிலிப் பழத்துக்கு ஊறவைக்கிற வேலைகூட இல்லை, பிதுக்கினாலே பசை. மூக்குச்சளிப் பழம் என்று சொன்னால் பெரியவர்கள் சிரிப்பீர்கள், அதேதான்.

சாம்பிராணி மாதிரிப் புகை போடுகிற குங்கிலியமும் மரத்தில் வடிவதுதான், ஆனால் வேறு ஜாதி. தண்ணீர் அதை ஒன்றும் செய்யாது, எண்ணெயில்தான் இளகும். பிசின் என்பது சர்க்கரைத் துணுக்குகள் கோத்த சங்கிலி, தண்ணீருக்குச் சொந்தம். குங்கிலியம் எண்ணெய்க்குச் சொந்தம். காசிமேட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள்: மரப்படகுக்குக் கலப்பத்து அடிக்கும்போது பலகை இடுக்கில் பஞ்சைத் திணித்து, மேலே எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசுவார்கள். அங்கே வேலம் பிசினைப் பூசினால் படகு கரை தாண்டாது! பலாப்பழம் அறுக்கிறவர்கள் கையில் எண்ணெய் தடவிக்கொள்வதும் இதே கணக்குதான், அந்தப் பாலும் தண்ணீருக்கு மசியாது.

கடையில் வெள்ளைப் பசை கிடைக்கும்போது இதெல்லாம் எதற்கு என்று முன்வரிசைத் தம்பி கேட்கிறான். மேசை நாற்காலிக்கு அதையே போடு, தம்பி. பழைய புத்தகத்துக்கு மட்டும் போடாதே. பழம் நூல்களைச் செப்பனிடுகிறவர்கள் இன்றைக்கும் கோதுமை மாவுச்சத்தைத்தான் காய்ச்சுகிறார்கள். நாளைக்கு யாராவது பிரிக்க வேண்டியிருந்தால் ஈரப்படுத்தினால் போதும், தாள் கிழியாமல் விட்டுக்கொடுக்கும்.