போலெக்ஸ் கேமராவும் 100 அடி ஃபிலிமும்: எம்எஃப்ஏ முதல் செமஸ்டருக்கு

வணக்கம் மக்களே. அமெரிக்க யுனிவர்சிட்டிகள்ல சினிமா எம்எஃப்ஏ, அதாவது நுண்கலை முதுகலைப் பட்டம், படிக்கப் போறவங்களுக்கான வீடியோ இது. நியூயார்க் யுனிவர்சிட்டி டிஷ் ஸ்கூல்ல இருக்கிற மாதிரி 3 வருஷ கோர்ஸ்கள்ல, ஆரம்பத்துலயே கருப்பு வெள்ளை 16 எம்எம்ல வசனமே இல்லாத படம் எடுக்கச் சொல்ற பழக்கம் ரொம்ப நாளா உண்டு. அதுக்குக் கையில கிடைக்கிறது பெரும்பாலும் சாவி கொடுக்கிற போலெக்ஸ் எச்16. ஓடும்போது கடகடன்னு சத்தம் வேற போடும், அதனால வசனம் இல்லாததும் நல்லதுதான்.

முதல்ல கணக்கு. 16 எம்எம்ல 1 அடிக்கு 40 ஃபிரேம். 100 அடி ரோல் செகண்டுக்கு 24 ஃபிரேம் வேகத்துல 2 நிமிஷம் 46 செகண்டுல தீர்ந்துடும். 10 செகண்ட் ஷாட் ஒண்ணு 6 அடி சாப்பிடும். முழுசா சாவி கொடுத்தா சுமார் 28 செகண்ட்தான் ஓடும். அதனால ஒவ்வொரு டேக்குக்கு முன்னாடியும் சாவி கொடுங்க, இல்லேன்னா நடிகர் உருகி நிக்கிற இடத்துல ஸ்பிரிங் நின்னுடும்.

லோடிங்கை நிழல்ல பண்ணுங்க. ஃபிலிம் சுத்தியிருக்கிற ஸ்பூலை விரலால இறுக்கிப் பிடிச்சுக்கணும். சுருள் தளர்ந்தா ஓரமா வெளிச்சம் புகுந்து படத்தோட விளிம்பு வெளுத்துப் போகும். ஃபிலிம் நுனியை கேமராக்குள்ளயே இருக்கிற கட்டர்ல வெட்டி, ஃபிலிமை வளைச்சு விடுற லூப் ஃபார்மரை மூடி, மோட்டாரை ஓடவிட்டா ஃபிலிம் தானே கேட் (லென்ஸுக்குப் பின்னாடி படம் பதியுற ஜன்னல்) வழியா வெளிய வந்துடும். அப்புறம் லூப் ஃபார்மரைத் திறந்தே ஆகணும். மறந்தீங்கன்னா ஃபிலிம் அதுல உரசி நீளமா கீறல் விழும். கேட்டுக்கு மேலயும் கீழயும் லூப், அதாவது ஃபிலிமோட தளர்வான வளைவு, இருக்கான்னு சில செகண்ட் ஓட்டிப் பாருங்க. லூப் போயிட்டா படம் ஆடி, மசங்கிடும். மூடி போட்டதும் கவுண்டர் 0 வர்ற வரைக்கும் ஓட்டுங்க, அது வெளிச்சம் பட்ட ஃபிலிம்.

ரோல் முழுக்க வீணாகிறது பெரும்பாலும் எக்ஸ்போஷர்லதான். லென்ஸ் வழியாவே பார்த்து எடுக்கிற ரிஃப்ளெக்ஸ் மாடல்ல லென்ஸுக்குப் பின்னாடி ஒரு பிரிசம் இருக்கு. கொஞ்சம் வெளிச்சத்தை அது வியூஃபைண்டருக்குத் திருப்பி விட்டுடும். 133 டிகிரி திறப்பு உள்ள சுழலும் ஷட்டருக்கு 24 ஃபிரேம்ல நிஜ வேகம் 1/65 செகண்ட். ஆனா பிரிசம் திருடுறதையும் சேர்த்து லைட் மீட்டர்ல 1/80 வைங்க. கோடாக் ட்ரை-எக்ஸ் 7266 ரிவர்சல் (நெகட்டிவ் இல்லாம நேரா பாசிட்டிவ் படமே வர்ற ஃபிலிம்) பகல்ல ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்ச உணர்திறன், 200, டங்ஸ்டன் லைட்ல 160. உச்சி வெயில்ல இந்தக் கணக்குப்படி லென்ஸ் துவாரமான அப்பர்ச்சரை எஃப் 22 வரைக்கும் சுருக்கினா கூடப் பத்தாது. வெளிச்சத்தைக் குறைக்கிற 2 ஸ்டாப் என்டி ஃபில்டர் (1 ஸ்டாப்னா வெளிச்சம் பாதி), அதாவது 0.6, பையில இல்லாம கிளம்பாதீங்க. நெகட்டிவ் மாதிரி ரிவர்சல் மன்னிக்காது, வெளுத்த வானத்தை அப்புறம் யாராலயும் மீட்க முடியாது.

ஃபில்டர் ஸ்லாட்டுல ஜெலட்டின் ஃபில்டர் போடலைன்னாலும் காலி ஹோல்டரை மாட்டியே வைங்க, அந்த ஓட்டை வழியா வெளிச்சம் கசியும். திறப்பைக் கூட்டிக் குறைக்கிற வேரியபிள் ஷட்டர் முழுசா திறந்திருக்கான்னு பாருங்க. முன்னாடி கேமராவை எடுத்தவர் பாதி மூடி வெச்சிருந்தா 1 ஸ்டாப் காலி.

ஃபோகஸ் விஷயம்: கண்ணை ஐபீஸ்ல வெச்சதும் முதல்ல உங்க பார்வைக்கு ஏத்த மாதிரி ஐபீஸைச் சரிபண்ற டயாப்டரைத் திருப்பி, வியூஃபைண்டர்ல படம் விழுற கிரவுண்ட் கிளாஸோட பொடிப் புள்ளிகள் கூர்மையா தெரியுற இடத்துல நிறுத்துங்க. அதுக்கப்புறம்தான் லென்ஸைத் தொடணும். அப்பர்ச்சரை முழுசா திறந்து ஃபோகஸ் பண்ணுங்க, ஆனா ஓட்டுறதுக்கு முன்னாடி பழைய எண்ணுக்குத் திருப்பிடுங்க. இதை மறக்காத ஸ்டூடண்ட் அபூர்வம். கேமராவை டிரைபாட்ல வெச்சு கண்ணை எடுத்துட்டு ஓட்டுறதா இருந்தா ஐபீஸை மூடுங்க, பின்பக்கமா வர்ற வெளிச்சமும் ஃபிலிம் வரைக்கும் போகும்.