லைன் வீடு ஏன் சொந்த வீடு ஆகவில்லை?

அடுத்த கேள்வி திருநெல்வேலி மாவட்டத்து மலைக்காட்டில் இருக்கும் மாஞ்சோலை தேயிலைத் தோட்டம் பற்றியது. "நாலு தலைமுறையாகக் குடியிருந்தவர்களை எப்படிக் காலி செய்யச் சொல்லலாம்? பன்னிரண்டு வருடம் ஒரு வீட்டில் இருந்தாலே அது நமக்குச் சொந்தம்தானே? அதுவும் வாடகை கூட வாங்காத வீடு" என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்தப் பன்னிரண்டு வருடக் கணக்கைத் தள்ளி வைத்துவிடுவோம். உரிமையாளரின் அனுமதி இல்லாமல், அவருக்கு எதிராக, ஊரறிய நிலத்தை அனுபவிப்பவருக்கான கணக்கு அது. தனியார் நிலத்துக்கு 12 வருடம், அரசு நிலத்துக்கு 30. வேலைக்காகக் கொடுத்த வீட்டில் அனுமதியோடு இருப்பவர் நூறு வருடம் இருந்தாலும் அதற்குள் வரமாட்டார்.

அது மட்டுமில்லை, தோட்டத்தை நடத்திய கம்பெனியே அங்கே குத்தகைக்காரர்தான். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் எட்டாயிரம் ஏக்கருக்கு மேல் 99 வருடக் குத்தகைக்கு எடுத்தது. ஜமீன் ஒழிப்பில் நிலம் அரசுக்குப் போனது. குத்தகை முடியும் வருடம் 2028. தன்னுடையதாக இல்லாத நிலத்துக்குக் கம்பெனி எப்படிப் பட்டா கொடுக்கும்?

சரி, வாடகை விஷயத்துக்கு வருவோம். எனக்கு இதுதான் முக்கியமாகப் படுகிறது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி எல்லாம் எஸ்டேட் குடியிருப்புகள். மேனேஜருக்குப் பங்களா, ஸ்டாஃபுக்குக் குவார்ட்டர்ஸ், தொழிலாளிக்கு லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகச் சின்னச் சின்ன வீடுகள். பக்கத்து வீட்டுப் பேச்சு இந்த வீட்டில் கேட்கும். ஊத்தும் நாலுமுக்கும் தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்கிற இடங்களில் சேர்ந்தவை. மழைக்காலத்தில் துணி காயாது, விறகு காயாது, கொழுந்து எடுக்கப் போனால் காலெல்லாம் அட்டை.

தோட்டம் நடந்த காலத்தில் இந்த வீட்டுக்கு மாதாமாதம் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை, உண்மைதான். ஆனால் வீட்டில் யாராவது ஒருவர் பெயர் எஸ்டேட் பேரேட்டில், அதாவது தொழிலாளர் பதிவில், இருந்தாக வேண்டியிருந்தது. அப்பா, அம்மா ஓய்வு பெறும் நேரத்தில் பிள்ளை பெயர் பதியவில்லை என்றால் வீடு கையை விட்டுப் போகும். நன்றாகப் படிக்கிற பெண் ப்ளஸ் டூவோடு நிறுத்திக் கொழுந்துக் கூடையை எடுத்தால், அதற்குப் பின்னால் பெரும்பாலும் வீடு பற்றிய கவலை இருக்கும். வாடகை இல்லை என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

முதலாளியும் வீட்டுக்காரரும் ஒருவராக இருந்தால் கூலி கேட்பதற்கே தைரியம் வேண்டும். அப்படியும் கேட்டார்கள். 1999 ஜூலை 23-ல் திருநெல்வேலிக்கு இறங்கி வந்து ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் இறந்தார்கள்.

சட்டம் என்ன சொன்னது என்றால், 1951 தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. பின்னால் ஒரு திருத்தம் வந்தது: வீடு இடிந்து விழுந்து யாராவது இறந்தாலோ காயம்பட்டாலோ முதலாளி இழப்பீடு தர வேண்டும். இப்படி ஒரு விதி தேவைப்பட்டிருக்கிறது பாருங்கள்! ஆனால் அந்தக் கடமையெல்லாம் வேலையில் இருக்கும் வரைக்கும்தான். ஓய்வுக்குப் பிறகு எங்கே போவது என்பதற்கு அதில் பதில் இருக்கவில்லை.

2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து, வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. தோட்டத்தை அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீ எடுத்து நடத்த வேண்டும் என்று போட்ட மனுக்களை அந்த டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

காட்டில் தலைமுறையாக வாழ்பவர்களுக்கு நில உரிமை தரும் வன உரிமைச் சட்டம் உதவாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். பழங்குடி அல்லாதவர் என்றால் 2005 டிசம்பர் 13-க்கு முன் 75 வருடம், அதாவது 1930-லிருந்தே, அங்கே வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். குத்தகை 1929 என்பதால் ஆரம்ப காலத்தில் வந்த குடும்பங்களே வருடக் கணக்கில் விளிம்பில்தான் நிற்கும். அப்புறம், பிழைப்பு காட்டை நம்பித்தான் என்றும் காட்ட வேண்டும். தேயிலைக் கூலியை அப்படிச் சொல்வது சுலபமில்லை.

அதனால் உங்கள் கேள்விக்குப் பதில்: அந்த லைன் வீட்டைச் சட்டப்படி சொந்தம் கொண்டாட வழி மிகக் குறைவு. மாற்று வீடு, மனை, மறுவாழ்வு கேட்பது வேறு விஷயம். அதை நிலத்தின் சொந்தக்காரரான அரசிடம்தான் கேட்க வேண்டும், கேட்கவும் செய்கிறார்கள். அடுத்த கேள்விக்குப் போகலாம்.