முதலில் காயம், அப்புறம் இலை

நேயர்களுக்கு வணக்கம். காயத்துக்கும் வலிக்கும் ஆகும் பச்சிலைகளைப் பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அதனால் இலையைப் பறிப்பதற்கு முன்னால் காயத்தைத்தான் பார்ப்பேன். "இதுக்கு என்ன இலை நல்லது?" என்று கேட்டு வருகிறவர்கள் பலர், எது குத்தியது, எங்கே குத்தியது என்று சொல்வதே இல்லை.

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து ஏர்வாடி வரைக்கும் நம் மீனவ சனங்களுக்கு வரும் காயங்கள் தனி ரகம். வலை தட்டும்போது கெளுத்தி முள் ஏறும். முழங்கால் தண்ணீரில் நடந்தால் திருக்கை மீன் அடிக்கும். பாசி எடுக்கப் போகும் பெண்கள் விரலில் துணி சுற்றியிருந்தாலும் பாறை கிழித்துவிடும். கரையேறினால் சீமைக்கருவேல முள் காத்திருக்கும். இத்தனைக்கும் ஒரே இலையைக் கட்டினால் எப்படி ஆறும்?

சொறி, அதாவது ஜெல்லி மீன், பட்ட எரிச்சலுக்கு நம் கரையில் அடப்பங்கொடியைத் தேடுவார்கள். தனுஷ்கோடி மணலில் ஊதாப் பூவோடு படர்ந்து கிடக்கிறதே, அதுதான். பழைய நெய்தல் பாட்டுகளில் வரும் அடும்பும் இதுவே. தாய்லாந்தில் இதன் சாற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, சொறி நஞ்சின் கடுமையைத் தணிக்கும் தன்மை இருக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். ஆனால் இலையைக் கசக்குவதற்கு முன்னால் ஒட்டியிருக்கும் இழைகளை எடுக்க வேண்டும். கடல் தண்ணீரிலேயே கழுவுங்கள். நல்ல தண்ணீர் ஊற்றினாலும் மணலைப் போட்டுத் தேய்த்தாலும், மிச்சம் இருக்கும் நஞ்சுப் பைகளும் வெடித்து எரிச்சல் கூடும். மூச்சு வாங்கினாலோ மயக்கம் வந்தாலோ இலையைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இன்னொன்று, கொடியை வேரோடு பிடுங்காதீர்கள். மணல்மேட்டைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான்.

திருக்கைக்கும் கெளுத்திக்கும் நான் எந்த இலையும் சொல்ல மாட்டேன். வெந்நீர்தான். அந்த நஞ்சு சூட்டில் கெட்டுப்போகும் புரதம். கை பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி, அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் காலை முக்கி வையுங்கள். சூட்டை நல்ல காலில் சோதியுங்கள், குத்து வாங்கிய கால் மரத்துப்போயிருக்கும். வலி அடங்கினாலும் முள் துண்டு உள்ளே தங்கியிருக்கலாம், டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தி நிற்கிற முள்ளை நீங்களே பிடுங்கக் கூடாது.

அரிவாள்மணை கீறியது, தகரம் உரசியது மாதிரி மேலோட்டமான காயத்துக்குக் கிணற்றடிப்பூண்டு. பிள்ளைகள் "தாத்தா தாத்தா தலையைக் கொடு" என்று பூவைச் சுண்டி விளையாடுவார்களே, அந்தச் செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது என்றால் நம்ப மாட்டீர்கள், அவ்வளவு உறவாகிவிட்டது! சாறு பிழிந்து விட்டால் ரத்தம் கட்டும் என்பது ஊரறிந்த கைமருந்து. இலையையும் காயத்தையும் நன்றாகக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். மண்ணையும் சாணத்தையும் காப்பித்தூளையும் அப்புவதை மட்டும் விடுங்கள் தாயி. வாய்ப்பூட்டுச் சன்னி என்கிற டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும்தான் இருக்கிறது. முள் குத்தினாலும் துருப்பிடித்தது கிழித்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைத் தடுக்கும் டி.டி. ஊசியைப் பற்றிக் கேளுங்கள். அந்த ஊசி செய்கிற வேலையை எந்தப் பச்சிலையும் செய்யாது.

முள் வெளியே வர எருக்கம்பால் வைக்கும் வழக்கம் இன்னும் இருக்கிறது. எனக்கு அதில் பயம் உண்டு. அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் பெரிய வலி இல்லாமலேயே பார்வை மங்கிவிடும். வலிக்கவில்லையே என்று இருந்துவிடுவோம். கடல்பாம்புக் கடியும் அப்படித்தான், கடித்த இடத்தில் அவ்வளவாக வலிக்காது. சில மணி நேரம் கழித்து உடம்பெல்லாம் இறுகி வலிக்கும்போதுதான் தெரியும்.

சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் கல்லீரல் கெட்டவர்களுக்கும் கடல் தண்ணீரில் பட்ட காயம் சின்னதாக இருந்தாலும் பச்சிலைக் கட்டு வேண்டாம். ஒரே நாளில் வீங்கிக் கொப்புளம் கண்டால், கடலில் பட்டது என்று டாக்டரிடம் சொல்ல மறக்காதீர்கள். அங்கே வாழும் கிருமிகள் வேறு, மருந்தும் அதற்குத் தகுந்த மாதிரி மாறும்.

வலிக்கு நொச்சி. கரைவலை இழுத்த தோளுக்கு, நொச்சி இலையை விளக்கெண்ணெய் விட்டு வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுங்கள். சுளுக்குக்குப் பிரண்டைச் சாற்றில் புளியும் உப்பும் சேர்த்துக் காய்ச்சிப் பற்றுப் போடலாம். பிரண்டையை வெறும் கையில் நறுக்கினால் அரிக்கும், எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஆனால் இடது தோள் வலியோடு நெஞ்சும் அடைத்து வியர்த்துக் கொட்டினால் அது வலை இழுத்த வலி இல்லை. நொச்சி பறிக்க ஆள் அனுப்பாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். வணக்கம்.