தள்ளுதற்சீட்டு யார் கையில்?

சபையோர்களே, பெரியோர்களே,

செட்டிநாட்டில் நகரத்தார் வீட்டுக் கல்யாணம், இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுதாமல் நடப்பதில்லை. பின்னாளில் யாரும் வாய் மாறக்கூடாது என்பதற்குத்தான் எழுத்து. அதைப் பார்த்துப் பழகிய நமக்கு உபாகமம் 24-ஆம் அதிகாரம் எளிதில் விளங்க வேண்டும்.

அங்கே மோசே விவாகரத்தைத் தொடங்கி வைக்கவில்லை. நடந்துகொண்டிருந்ததற்குக் கட்டுப் போடுகிறார். மனைவியைத் தள்ளுகிறவன் தள்ளுதற்சீட்டு எழுத வேண்டும், அதை அவள் கையிலேயே கொடுக்க வேண்டும். யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா அந்தச் சீட்டின் உயிர் வரியைச் சொல்கிறது: நீ எந்த மனிதனையும் மணக்கலாம். கீழே இரண்டு சாட்சிகளின் கையெழுத்து. சீட்டில்லாமல் துரத்தப்பட்டவள் இன்னொருவனை மணந்தால் விபசாரி என்ற பழி. ஆக, அந்தச் சீட்டு அவளுக்குக் காப்பு.

இயேசுவின் காலத்துக்குள் அந்தக் காப்பே ஆண்களுக்குச் சலுகையாகிவிட்டது. யூதச் சட்ட ஆசிரியர்களில் இரண்டு பள்ளிகள் இருந்தன. குழம்பு கரிந்தாலும் தள்ளலாம் என்றது ஹில்லேல் பள்ளி. ஒழுக்கக்கேடு இருந்தால் மட்டுமே என்றது ஷம்மாய் பள்ளி. "எந்த முகாந்தரத்தினாலாகிலும்" தள்ளலாமா என்று மத்தேயு 19-இல் பரிசேயர் கேட்பது இந்த வழக்கைத்தான். அந்த இரண்டு சொற்களில்தான் கண்ணி இருக்கிறது. இயேசுவோ இரண்டு பள்ளிக்கும் முந்தி, ஆதியாகமத்துக்குப் போய், தேவன் இணைத்ததை மனுஷன் பிரிக்கலாகாது என்கிறார். மோசே இடங்கொடுத்தது உங்கள் இருதயகடினத்தினிமித்தம் என்கிறார்.

மத்தேயு 5:32, 19:9 இரண்டிலும் தள்ளக்கூடாது என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் 'போர்னேயா'. பழைய திருப்புதலில் வேசித்தனம், பொது மொழிபெயர்ப்பில் பரத்தைமை. மாற்கு 10-இலும் லூக்கா 16:18-இலும் அந்த விலக்கு இல்லை. சபைகள் பிரிவது இந்த இடத்தில்தான். கத்தோலிக்கர், முறையான திருமணக் கட்டு சாவு வரை அவிழாது என்பர். தொடக்கத்திலேயே செல்லாத திருமணமா என்று திருச்சபை நீதிமன்றம் ஆராயும். சீர்திருத்த சபைகள் பல, விபசாரத்தையும் கைவிடுதலையும் காரணமாக ஏற்று மறுமணத்துக்கு இடம் தருகின்றன. கைவிடுதலுக்கு ஆதாரம் 1 கொரிந்தியர் 7:15: அவிசுவாசி பிரிந்துபோனால், மற்றவர் அடிமைப்பட்டவரல்ல.

அடிபட்டு வரும் பெண்ணை "சிலுவை சுமந்து வாழம்மா" என்று அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறவர்கள் 7:11-ஐ மறுபடி படிக்க வேண்டும். பிரிந்திருந்தால் மணமில்லாதிருக்கட்டும், அல்லது ஒப்புரவாகட்டும் என்கிறார் பவுல். பிரிந்துபோகக்கூடாது என்று முந்தின வசனம் சொன்னாலும், பிரிந்தவள் திரும்பியே ஆகவேண்டும் என்று அங்கே இல்லை. உயிர் தப்பி நிற்பவளைப் பாவி என்பது வேதமல்ல.

தேவகோட்டைப் பக்கத்தவர்களுக்கு ஓரியூர் தெரியும். கிறிஸ்தவராக, மறுமனைவியரை விலக்கி ஒருத்தியோடு வாழ முடிவுசெய்தார் மறவர் தலைவர் தடியத்தேவர். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி ராமநாதபுரம் மன்னர் சேதுபதியின் உறவுப்பெண். அந்தப் பகையில்தான் 1693 பிப்ரவரி 4-இல், அவருக்கு வேதம் போதித்த குரு அருளானந்தர் என்ற ஜான் டி பிரிட்டோ ஓரியூரில் வெட்டுண்டார். அவரை வணங்கும் நாம், அனுப்பப்பட்ட அந்தப் பெண்களின் பிழைப்பு என்னவாயிற்று என்றும் கேட்க வேண்டும்.

இப்போது சட்டம். கிறிஸ்தவர்களான நமக்குரியது 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டம். 2001 திருத்தத்துக்கு முன், கணவனுக்கு மனைவியின் விபசாரம் ஒன்றே போதும். மனைவியோ விபசாரத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். அந்த அநீதி போனது. கொடுமை தனிக் காரணமாயிற்று, இரண்டு வருடக் கைவிடுதலும் அப்படியே. பரஸ்பர சம்மதத்துக்கு 10ஏ பிரிவு வந்தது.

ஊர்ப் பஞ்சாயத்தில் முத்திரைத்தாளில் "தீர்த்து" எழுதுவது செல்லாது. திருச்சபை நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் கையிலிருந்தால் அரசுச் சட்டத்தில் முதல் திருமணம் அப்படியே நிற்கும். 2017-இல் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதை நம்பி மறுமணம் செய்தால் இருதார வழக்கு வரும். அரசு நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் இருந்தால் கத்தோலிக்கக் கோயிலில் மணம் முடிக்க முடியாது. கத்தோலிக்கருக்கு இரண்டும் வேண்டும். மேல்முறையீட்டுக் காலமும் முடிந்திருக்க வேண்டும்.

ஆகவே போதகர்களே, மறுமணத்துக்கு ஓலை (மண அறிவிப்பு) வாசிக்கும் முன் அரசு நீதிமன்றத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வாங்கிப் படியுங்கள். முதல் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஜீவனாம்சம் போய்ச் சேருகிறதா என்று அவனிடம் கேட்காதீர்கள், அவளிடம் கேளுங்கள்.