உலை எங்கே எரியலாம்?

(மணவாளக்குறிச்சியில் ஒரு படிப்பகத்தின் மாலைக் கூட்டத்தில் பேசியது)

பெரியவர்களே, தாய்மார்களே, முன்னால் பாயில் இருக்கும் பிள்ளைகளே, வணக்கம்.

வரும் வழியில் கடற்கரையில் ஒரு பிடி மணல் அள்ளி வந்தேன். கறுப்பாக இருப்பது இல்மனைட். நடுவே தவிட்டு மஞ்சளாகத் தெரிகிறதே, அது மோனசைட். அணு எரிபொருளுக்கு உதவும் தோரியம் என்ற உலோகம் அதில்தான் இருக்கிறது. கிழக்கே கொஞ்ச தூரத்தில் கூடங்குளம். அணுவைப் பற்றிய பயமும் பேச்சும் நமக்குப் புதிதல்ல. போன கூட்டத்தில் ஒரு பிளஸ் டூ மாணவி கேட்டாள்: "நீர்மூழ்கி ஓடுது, விமானம் மட்டும் ஏன் சார் அணுவில ஓடல?"

ஓட்டப் பார்த்தார்கள், மக்களே. அமெரிக்காவில் 1955 முதல் 1957 வரை என்பி-36எச் என்ற விமானம் 1 மெகாவாட் அணு உலையைச் சுமந்து 47 தடவை பறந்தது. உலை விமானத்தை இயக்கவில்லை. கதிர்வீச்சைத் தடுக்கும் கவசத்தைச் சோதிக்கத்தான் ஏற்றினார்கள். விமானிகள் இருந்த அறை ஈயமும் ரப்பரும் பொதிந்தது, பத்து டன்னுக்கு மேல் எடை. கூடவே இன்னொரு விமானத்தில் பாரசூட் வீரர்கள். எதற்கு? உலை விமானம் விழுந்தால், குதித்து அந்த இடத்தை வளைத்துக் காவல் நிற்க! அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. 1961-ல் அமெரிக்க அதிபர் கென்னடி திட்டத்தையே கைவிட்டார்.

நீர்மூழ்கி கவசத்தின் எடையைத் தாங்கும். விமானத்தில் சுற்றிலும் கவசம் வைத்தால் எழும்பாது. ஒரு பக்கம் மட்டும் வைத்தால் கதிர் காற்றில் பட்டுச் சிதறி உள்ளே வரும். விண்கலத்தில் உலை வைப்பது வேறு கதை. விண்வெளியில் காற்று கிடையாது. உலைக்கும் கருவிகளுக்கும் நடுவே குடை பிடித்தாற்போல் ஒரு கவசம் போதும்.

அப்புறம், இன்னும் ஒருமுறையும் ஓட்டாத யுரேனிய உலையில் கதிர்வீச்சு குறைவு. அணு பிளந்தபின் சேரும் மிச்சங்கள்தான் கொடியவை. அதனால் உயரப் போனபிறகே உலையை மூட்ட வேண்டும். 1965-ல் அமெரிக்கா அனுப்பிய ஸ்னாப்-10ஏ என்ற விண்வெளி உலையை அப்படித்தான் மூட்டினார்கள். 43 நாள் ஓடி நின்று, இன்றும் மேலே சுற்றுகிறது. சோவியத்தின் காஸ்மோஸ் 954 செயற்கைக்கோள் தாழ்ந்த பாதையில் உலையை ஓட்டியது. 1978 ஜனவரி 24 அன்று கனடாவின் பனிக்காட்டில் சிதறி விழுந்தது. துண்டுகளை மாதக்கணக்கில் தேடினார்கள். அங்கே ஆள் நடமாட்டம் அரிது. நம் கரையிலோ சுவரோடு சுவர் ஒட்டி வீடுகள்.

ஆகவே உலை விமானம் வேண்டவே வேண்டாம் என்கிறேன். விண்கலத்துக்குச் சரி. ஆனால் எந்த உயரத்தில் மூட்டுவார்கள், அணைந்த உலை எத்தனை நூறு ஆண்டு கீழே வராது, இரண்டையும் கிளம்பும் முன்பே ஊருக்குச் சொல்லிவிட வேண்டும்.