பிராட்காஸ்ட்: வயலில் பிறந்த சொல்

எல்லாருக்கும் வணக்கம். போன மாதம் என் அக்கா மகள் போன் பண்ணினாள், வேளாண்மைக் கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறாள். "மாமா, எங்க புத்தகத்துல பிராட்காஸ்டிங்னு ஒரு பகுதி இருக்கு, ரேடியோ எங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டாள். பிரித்துப் படித்துப் பார் என்றேன். உழுத வயலில் விதையைக் கையால் தெளிப்பது பற்றிய பகுதி அது. சரி, அதற்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று அடுத்த கேள்வி. அதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

பிராட் என்றால் அகலம், காஸ்ட் என்றால் வீசுவது. 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இது உழவர்களின் சொல். ஜெத்ரோ டல் என்ற ஆங்கிலேய வேளாண்மைக்காரர் விதைக்கருவி செய்து வரிசையாக விதையை இறக்கிக் காட்டிய பிறகும் ரொம்ப காலம் கைவிதைப்புதான் நடந்தது. தோளில் வாரோடு தொங்கும் விதைக்கூடை, அதிலிருந்து ஒரு பிடி, நடக்கிற அடிக்கு ஏற்ப கை அரைவட்டமாகச் சுழலும், விரல்கள் ஒரேயடியாகத் திறக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக விடும், திறந்துவிட்டால் விதை ஒரே இடத்தில் குவிந்துவிடும். நம் ஊரில் விதை தெளிக்கிறவர் கையும் இப்படித்தான் போகும், பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ரேடியோ வருவதற்கு முன்பே இந்தச் சொல் வயலை விட்டு வெளியே வந்துவிட்டது. துண்டறிக்கையை, வதந்தியை நாலாபக்கமும் இறைப்பதற்கும் இதையே சொன்னார்கள்.

அப்புறம் மார்க்கோனி காலம். கம்பியில்லாத் தந்தி வந்தபோது எல்லாரும் அதைத் தந்தியாகத்தான் நினைத்தார்கள், ஒரு கப்பலிலிருந்து ஒரு கரைக்கு, ஒருவரிடமிருந்து ஒருவருக்கு. ஆனால் அலை நாலு திசையும் போனது, கருவி வைத்திருந்த யார் காதிலும் விழுந்தது. ரகசியம் நிற்காது, அது பெரிய குறை. அந்தக் குறையையே பயனாக மாற்றிப் பார்த்தவர்கள் மேல் எனக்குத் தீராத வியப்பு. 1920 நவம்பர் 2 அன்று பிட்ஸ்பர்க்கில் கே.டி.கே.ஏ. என்ற வானொலி நிலையம் அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவுகளை, யார் கேட்கிறார்கள் என்றே தெரியாமல், காற்றில் விட்டது. 1922-இல் லண்டனில் தொடங்கிய கம்பெனி இந்தச் சொல்லைப் பெயரிலேயே வைத்துக்கொண்டது, பி.பி.சி.யின் நடு எழுத்து அதுதான். விதைக்கிறவருக்கும் எந்த மணி எங்கே விழும் என்று தெரியாது இல்லையா, அந்தப் பொருத்தத்தால்தான் இந்தச் சொல் இவ்வளவு இயல்பாக ஒட்டிக்கொண்டது என்பது என் எண்ணம்.

தமிழில் நாம் ஒலிபரப்பு என்றோம், தொலைக்காட்சிக்கு ஒளிபரப்பு என்றோம். அழகான சொற்கள், ஒரே ஒரு எழுத்து மாறினால் வானொலி தொலைக்காட்சி ஆகிவிடுகிறது. பரப்புவது என்ற பொருள் முழுசாக வந்துவிட்டது, விதைக்கூடை மட்டும் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு, ஏனென்றால் தெளிப்பு என்ற நல்ல சொல் நம் வயலிலும் இருந்தது.

இதையெல்லாம் அக்கா மகளிடம் சொல்லி முடித்ததும், வாட்ஸாப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் என்று இருக்கிறதே, அதுவும் இதுதானா என்று கேட்டாள். யோசித்துப் பாருங்கள், அதில் பெயர் பெயராக நாம்தான் தேர்ந்தெடுக்கிறோம், நம் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் செய்தி போய்ச் சேர்கிறது. "அப்போ அது விதைப்பு இல்ல மாமா, நடவு" என்றாள்.